எட்டாம் மேசையின் இடியப்ப மெஷின்

"நாற்பது கிலோ மெஷின் தானா நடந்து போகாது, பவளம்."

"நாலு கால் இருந்தது, சேர். மனசு வைச்சால் போகும்."

சடகோபன் நிமிரவில்லை. எட்டாம் மேசையின் மீது குனிந்து தூசைப் படித்துக்கொண்டிருந்தார். தூசுக்கு நடுவே நான்கு சுத்தமான வட்டங்கள். நான்கு கால்கள் அங்கே நெடுநாள் நின்றிருக்கின்றன, இப்போது இல்லை. அவ்வளவுதான் துப்பு.

1976 அக்டோபர் எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். பிற்பகல் மூன்று மணிக்குள் மெஷின் கிடைத்தாக வேண்டும்.

சடகோபன் திருச்சி ரயில் நிலையத்தில் பதினோரு வருடம் தொலைந்த பொருள் அலுவலகத்தை நடத்தியவர். பிறகு மனைவிக்கு சிட்னியில் தாதி வேலை கிடைக்க, அவரும் கூடவே வந்து, ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு சலவைக் கடைக்கு மேலே அறை எடுத்து, 'துப்பறியப்படும்' என்று பலகை மாட்டிக்கொண்டார். பவளம் டெலிபோன் நிலையத்தில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பெண். சடகோபனுக்கு வழக்கு வரும் நாட்களில் அவளுக்குப் பல்வலி வந்து லீவு கிடைத்துவிடும். இந்த வருடம் இதுவரை பதினேழு முறை பல்வலி வந்திருந்தது.

அவர்கள் நின்ற இடம் ஒரு பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்குப் பின்னால் இருந்த நீண்ட தகரக் கொட்டகை. பவளத்துக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. கடல் வற்றிவிட்டதை யாரும் சொல்லாததால் இன்னும் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் ஒரு கப்பலின் உள்ளே நிற்பது போலிருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்பு பீடத்தின் தலைவரான டீன் மக்ஃபேடனுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் கண்டுபிடிப்பதையெல்லாம் கட்டுரையாக எழுதி அலமாரியில் வைத்துப் பூட்டுவதை விட, அதைச் செய்து விற்கும் கம்பனி ஒன்றைத் தொடங்கினால் என்ன? உடனே கொட்டகையில் பன்னிரண்டு மேசைகள் போடப்பட்டன. மேசைக்கு ஒரு ஆசிரியர், ஒரு மாணவர். ஆசிரியருக்குப் புதன்கிழமை வகுப்பு கிடையாது. செவ்வாய்தோறும் காப்புரிமை வழக்கறிஞர் ஒருவர் வந்து இலவசமாக ஆலோசனை சொல்வார். வருடம் ஒருமுறை தேர்வுக் குழு கூடும். குழு தலையாட்டினால் பீடமே முன்னின்று கம்பனியைப் பதிவு செய்து கொடுக்கும். தலையாட்டாவிட்டால் மேசையைக் காலி செய்ய வேண்டியதுதான். இதுவரை குழு யாருக்கும் தலையாட்டியதில்லை.

ஒன்றாம் மேசையில் ஆடுகளை எண்ணும் தொப்பி இருந்தது. நான்காம் மேசையில், மழை வந்தால் தானே குடை விரித்துக்கொள்ளும் தபால் பெட்டி. ஏழாம் மேசையில் நீச்சல் குளத்துச் சருகுகளைக் கொத்தி எடுக்கும் இரும்புக் கொக்கு. யாரும் கேட்காமலே அது கொத்திக்கொண்டிருந்தது.

எட்டாம் மேசைக்காரர் கலாநிதி கேதீஸ்வரன். நீராவியைப் பற்றி அறுநூறு பக்கம் எழுதி டாக்டர் பட்டம் வாங்கியவர். அவர் கண்டுபிடித்தது மணிக்கு இருநூறு இடியப்பம் பிழியும் மெஷின். அடியில் ஒரு எஃகுப் பீப்பாய், நான்கே நிமிடத்தில் தண்ணீர் கொதிக்கும். மேலே அச்சு. மாவை வைத்துப் பொத்தானை அழுத்தினால் அதுவே பிழிந்து அதுவே அவிக்கும்.

"போன வியாழக்கிழமை பின்னேரம் நானும் என்ர மாணவி சந்திரவதனாவும் பழைய அச்சைக் கழட்டிக்கொண்டு மெல்பேர்னுக்கு ரயில் ஏறினனாங்கள்" என்றார் கேதீஸ்வரன். "அங்க ஒரு பட்டறையில புது அச்சு வெட்டுவிச்சுக்கொண்டு இண்டைக்குக் காலமைதான் வந்து இறங்கினனாங்கள். வந்து பாத்தால் மேசை மொட்டை."

அவர் பேசியபடி நடந்தார். ஒவ்வொரு முறை இடது காலைத் தூக்கும்போதும் 'சளக்' என்று ஒரு சத்தம் வந்தது. சடகோபன் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்தார்.

"பூட்டு?"

"உடையேல்லை. திறப்பு மூண்டு பேரிட்டை இருக்கு. நான், டீன், ஸ்டோர்காரர் பழனிசாமி."

"யார் மேலயாவது சந்தேகம்?"

கேதீஸ்வரன் ஏழாம் மேசையின் பக்கம் கண்ணைக் காட்டினார். "அந்தக் கொக்கு ஒரு மாசமா எங்கட எல்லைக்குள்ள வந்து கொத்துது."

சடகோபன் தன் கைக்குட்டையில் ஒரு இருபது சென்ட் நாணயத்தை முடிந்து கொக்கின் முன்னால் நீட்டினார். கொக்கு கவ்வியது, தூக்கப் பார்த்தது, நடுங்கியது, குப்புற விழுந்தது.

"கொக்கு விடுதலை" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள் பவளம்.

சந்திரவதனா சுவரோடு சாய்ந்து ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் காகிதத்தில் சுற்றிய புது அச்சு. பக்கத்தில் சிவப்பரிசி மா நிறைந்த பிஸ்கட் டின். இருபத்திரண்டு வயது; மெஷினின் ஒவ்வொரு ஆணியையும் வரைந்தவள். படிப்பு முடிகிறது, மாணவர் விசாவும் முடிகிறது. கம்பனி பதிவானால் அவள்தான் அதன் முதல் எஞ்சினியர். இல்லாவிட்டால் பதினாறாம் தேதி கொழும்பு விமானம்.

"டிக்கெட்?" என்று கேட்டாள் பவளம்.

"Already booked, அக்கா." சிரிக்கப் பார்த்தாள். "ஜன்னல் பக்கம் சீட்."

பவளத்துக்கு அந்த ஜன்னல் சீட்தான் தாங்கவில்லை.

அப்போது டீன் மக்ஃபேடன் உள்ளே வந்தார். ஆறடி நாலங்குலம், கையில் ஒரு காகிதக் கட்டு, முகம் நிறையக் கவலை.

"துப்பறிபவர் என்றால் இதையும் கொஞ்சம் பாருங்கள்" என்றார். "ஒரு வாரமாக இந்தக் கட்டடத்தில் ஏதோ சரியில்லை. முன்பெல்லாம் காலைத் தேநீருக்குப் போனவர்கள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருவார்கள். இப்போது பத்து நிமிடத்தில் திரும்பி வந்து வேலை செய்கிறார்கள். எல்லாரும். எனக்குப் பயமாக இருக்கிறது."

"பயப்பட வேண்டிய விஷயம்தான்" என்றார் சடகோபன், உண்மையாகவே.

பத்தரைக்கு மணி அடித்தது.

தேநீர் அறை திருமதி டோரிஸின் ராஜ்ஜியம். அறுபது வயதுக்கு மேலே, மூக்குக்கண்ணாடி சங்கிலியில், கண்கள் எல்லார் மேலும். அவருக்குப் பின்னால் கழுத்துவரை மஞ்சளும் பச்சையுமாகக் கம்பளி உறை போட்ட கொதிகலன் ஒன்று மெல்ல ஆவியை விட்டுக்கொண்டு நின்றது. உறை இன்னும் பின்னி முடியவில்லை. ஊசிகள் அதிலேயே தொங்கின. சுவரில் அவர் கையெழுத்தில் ஒரு அறிவிப்பு:

'தேநீரில் நூல் வந்தால் எடுத்துவிட்டுக் குடிக்கவும். நூல் சுத்தமானது. - டோரிஸ்.'

சடகோபன் கோப்பையைத் தொடவில்லை. கும்பகோணத்தில் பிறந்தவர். தோள்பையில் எப்போதும் ஒரு பிளாஸ்க் டிகாக்‌ஷன் காப்பி இருக்கும். அடுத்தவர் கொடுத்த டீயைக் குடிப்பதை விடக் குற்றவாளியைத் தப்ப விடுவது மேல் என்பது அவர் கொள்கை.

பவளத்துக்கு அப்படி ஒரு கொள்கையும் கிடையாது. "நல்ல தேத்தண்ணி, சேர். சுடச்சுட. வரிசையும் இல்லை." முதல் கோப்பையை முடித்து இரண்டாவதை வாங்கினாள். மூன்றாவதில் நூல் வந்தது. ஒரு அங்குலம், வெளுத்த சிவப்பு. விரலால் எடுத்தவள், எறிய இடம் காணாமல், குறிப்பேட்டின் ஓரத்தில் ஒட்டிவைத்தாள்.

"துப்பா?" என்றார் சடகோபன்.

"டோரிஸ் அன்ரியின்ர கம்பளி, சேர். உங்கட காப்பியில என்ன வரும்?"

"ஞானம் வரும். எழுந்திரு."

ஸ்டோர் அறையில் பழனிசாமி ஒரு திருகாணியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். கோயமுத்தூர் பஞ்சாலையில் மெக்கானிக்காக இருந்தவர். இந்தக் கொட்டகையில் ஒரு ஆணி இடம் மாறினாலும் அவர் கையெழுத்து வேண்டும்.

"இடியப்ப மெஷின் எதையாவது வெளியே அனுப்பினீங்களா?"

"இல்லீங்க." பதில் உடனே வந்தது. "ஏனுங்க, இடியப்பம்னா எங்கூர்ல சந்தகைங்க. அது பிழியற கட்டை எங்கூட்லயே இருந்துச்சு. மூணு காலு, மேல நீட்டமா ஒரு கைப்பிடி. ரெண்டு ஆளு தொங்கோணும். அந்த மாதிரி ஒண்ணு இங்க வரவும் இல்லீங்க, போகவும் இல்லீங்க. வந்திருந்தா எனக்குத் தெரியாதுங்களா?"

பொய் சொல்லும் முகமாக அது இல்லை. கடவுள் படத்துக்குச் சட்டம் போடுகிறவரின் முகம் மாதிரி இருந்தது.

சடகோபன் சுவரில் ஒட்டியிருந்த ஸ்டோர் விதிகளைப் படிக்கத் தொடங்கினார். பதினான்கு விதிகள். பதினான்கையும் படித்தார். பிறகு கீழே அச்சகத்தின் பெயரையும் படித்தார்.

"சேர், மூண்டு மணிக்குக் குழு கூடுது. இந்த வருஷம் மூண்டு மணிக்கு."

"தொலைஞ்ச பொருளைத் தேடறதுக்கு முந்தி, தொலைக்கறதுக்கு என்ன சட்டம்னு தெரிஞ்சுக்கணும், பவளம். இதெல்லாம் ரயில்வே."

அதன்பின் அவர்கள் குப்பைத் தொட்டிகளைக் கிண்டினார்கள். கூரைக்கு மேலே ஏறிப் பார்த்தார்கள். பழைய இரும்புக் கிடங்கில் ஆடு எண்ணும் தொப்பியின் முந்தைய பதினோரு பிறவிகளைக் கண்டெடுத்தார்கள். பன்னிரண்டு போயிற்று, ஒன்று போயிற்று. இரண்டேகாலுக்கு சடகோபன் திடீரென்று நின்றார்.

"கேதீஸ்வரன் ரூமுக்குப் போகலாம்" என்றார். "தொலைஞ்ச இடத்தையே பார்த்துண்டிருக்கோம். தொலைச்ச ஆளைப் பார்க்கலை."

கேதீஸ்வரனின் அறை இரண்டாம் மாடியில். கதவில் எண் இருந்தது. இரண்டு, பூச்சியம், மூன்றாவது இலக்கத்தின் மேல் வகுப்பு அட்டவணை ஒட்டியிருந்தது. அக்கம்பக்கத்து அறைகள் 207, 209 என்பதால் மறைந்திருப்பது என்னவென்று கண்டுபிடிக்கத் துப்பறிபவர் தேவையில்லை. உள்ளே சுவரில் நாட்காட்டி. அக்டோபர் மாதத்தின் மூன்று கட்டங்களின் மேல் தபால் தலைகள் ஒட்டப்பட்டிருந்தன. பவளம் கிட்டப் போய் எண்ணிப் பார்த்தாள். எட்டு, பதினேழு, இருபத்தாறு.

"ஒண்டும் ஏழும் எட்டு. ரெண்டும் ஆறும் எட்டு" என்றாள் மெல்ல. "கூட்டு எண்ணும் விடேல்லை."

கேதீஸ்வரன் நாற்காலியில் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சந்திரவதனா, மடியில் அதே அச்சு.

"டாக்டர்" என்றார் சடகோபன், "உங்க இடது கால் ஷூவைக் கொஞ்சம் கழட்டுங்கோ."

"ஏன்?"

"அது காலையிலேர்ந்து ஏதோ சொல்லிண்டிருக்கு. கேக்கலாம்னு."

சப்பாத்தைத் திருப்பினார்கள். அடியில், ஒரு வாரத்து அழுக்குக்குக் கீழே, மஞ்சள் நிறத்தில் ஒரு தாள். பல்கலைக்கழகத்தின் முத்திரை. நடுவில், இரண்டு அங்குல உயரத்தில், 8.

கேதீஸ்வரனின் காது மடல்கள் சிவந்தன.

"கொட்டகையில எல்லா மெஷின்லயும் மஞ்சள் லேபிள் இருக்கு" என்றார் சடகோபன். "தொப்பியில ஒண்ணு, கொக்குக்கு ஏழு. உங்க லேபிளை நீங்களே உரிச்சு எறிஞ்சிருக்கீங்க. அது கூடைக்குள்ள போகலை. உங்க கால்ல ஒட்டிண்டுடுத்து. நீங்க எட்டை விட்டுட்டுப் போறதா நெனச்சு, மெல்பேர்ன் வரைக்கும் கூடவே கூட்டிண்டு போய்த் திரும்பக் கூட்டிண்டு வந்திருக்கீங்க."

"சேர்!" சந்திரவதனா எழுந்துவிட்டாள். "லேபிளை நீங்களா உரிச்சனீங்கள்?"

கேதீஸ்வரன் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "நான் இதெல்லாம் நம்புறேல்லை, பிள்ளை. நான் விஞ்ஞானி. ஆனா எட்டு எண்டால் சனி. ஒன்பதாம் மேசை தாங்கோ எண்டு கேட்டனான், தரேல்லை. குழுவை ஒன்பதாம் தேதிக்கு மாத்தச் சொன்னனான், சனிக்கிழமை எண்டவை. எட்டாம் மேசையில, எட்டாம் நம்பரோட, எட்டாம் தேதி... ஊரில அரியரத்தினம் எண்டு எனக்கொரு கூட்டாளி. எட்டாம் நம்பர் பஸ்ஸில ஏறினவன்."

"பஸ் பிரண்டதோ?" என்றாள் பவளம்.

"இல்லை. அதில வந்த பெட்டையைக் கலியாணம் கட்டினவன்."

"பிறகு?"

"அவ்வளவுதான். பஸ் பிரண்டிருந்தால் ஒருநாளோட போயிருக்கும்."

பவளம் சிரிப்பை அடக்கப் பற்களைக் கடித்தாள். அவளுக்கு உண்மையிலேயே பல் வலித்தது.

"இதை ஏன் காலமையே சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது, தங்கச்சி? நீராவியில அறுநூறு பக்கம் எழுதினவன், ஒரு இலக்கத்துக்குப் பயந்து லேபிளை உரிச்சவன் எண்டு டீனுக்கோ சொல்லுறது?"

சடகோபன் கண்களை மூடிக்கொண்டு, மனப்பாடமாக, ஸ்டோர் விதிகளில் ஒன்றைச் சொன்னார்: "விதி ஒன்பது. லேபிள் இல்லாத பொருளுக்கு உரிமையாளர் இல்லை. ஸ்டோர் பொறுப்பாளர் அதைப் பார்த்து, அது எங்கே பயன்படுமென்று தோன்றுகிறதோ அங்கே அனுப்பிவைக்க வேண்டும்." கண்களைத் திறந்தார். "பழனிசாமி பொய் சொல்லலை. அவர் இடியப்ப மெஷின் எதையும் அனுப்பலை. அவர் கண்ல பட்டது வேற ஏதோ. அச்சைத்தான் நீங்க கழட்டிண்டு போயிட்டேளே. அச்சு இல்லாம அது பாக்கறதுக்கு எப்படி இருக்கும்?"

"ஒரு எஃகுப் பீப்பா" என்றாள் சந்திரவதனா. "நாலு கால். மேல மூடி. தண்ணி திறந்துவிடக் கீழ ஒரு குழாய்."

"நாலு நிமிஷத்தில கொதிக்கும்..." என்று இழுத்தார் சடகோபன். "அது எங்கே பயன்படும்? ஆய்வுக்கூடமா? சலவைக்கா? மருத்துவப் பிரிவுக்கா?"

பவளம் எழுதுவதற்காகக் குறிப்பேட்டைத் திறந்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்த நூல் காய்ந்து நிமிர்ந்து நின்றது. விரல் பட்டதும் 'மொறுக்' என்று உடைந்தது.

கம்பளி உடையாது.

அவள் அந்தத் துண்டை எடுத்து நாக்கில் வைத்தாள். கண்கள் மெல்லப் பெரிதாயின. ஒரு கணம் அவள் அந்த அறையில் இல்லை. ஆவி பறக்க மா அவியும் ஒரு ஓலை நீத்துப்பெட்டிக்கு முன்னால் பசியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"சேர்."

"என்ன?"

"சிவப்பரிசி மா."

"எது?"

"நூல். பீப்பாவுக்குள்ள ஒட்டிக் காய்ஞ்சு கிடந்த பழைய இடியப்பம், ஆவியில ஊறிக் கொஞ்சம் கொஞ்சமா விழுந்திருக்கு." பவளம் வயிற்றைத் தொட்டுக்கொண்டாள். "சேர், நீங்கள் காலமையிலயிருந்து தேடுற மெஷினை நான் மூண்டு கோப்பை குடிச்சிட்டன்."

சடகோபன் தன் பிளாஸ்கைப் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக அதை வெறுப்போடு பார்த்தார்.

அவர்கள் ஓடினார்கள். கேதீஸ்வரன் ஒரு காலில் சப்பாத்து இல்லாமல் ஓடினார், சந்திரவதனா அச்சையும் மா டின்னையும் அணைத்தபடி ஓடினாள். வழியில் ஸ்டோரிலிருந்து எட்டிப் பார்த்த பழனிசாமியையும் சடகோபன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

"ஏனுங்க, அந்த டீ பாய்லரா? லேபிள் இல்லாம கெடந்துச்சுங்க. போன வியாழக்கிழமை சாயந்தரம் நான்தான் தள்ளுவண்டியில வெச்சுக் கொண்டுபோய்க் குடுத்தேன். நீங்க சந்தகையைத்தானே கேட்டீங்க?"

தேநீர் அறையில் கடிகாரம் மூன்றுக்கு இன்னும் எட்டு நிமிடம் என்று காட்டியது. கேதீஸ்வரன் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். தேர்வுக் குழுவின் ஐந்து பேரும், கூட்டத்துக்கு முன் ஒரு வாய் குடித்துவிட்டுப் போகலாமென்று, கையில் கோப்பையோடு அங்கேதான் நின்றார்கள். டீன் மக்ஃபேடனும் நின்றார்.

சந்திரவதனா நேரே போய்க் கம்பளி உறையைப் பிடித்து உயர்த்தினாள். பின்னல் ஊசிகள் தரையில் விழுந்து ஓடின. மஞ்சளுக்கும் பச்சைக்கும் அடியில் எஃகு பளபளத்தது.

"அதை விடு, குழந்தை" என்றார் டோரிஸ், கொதிகலனுக்கும் உலகத்துக்கும் நடுவே வந்து நின்றபடி. "முப்பது வருடம் நாற்பது நிமிடக் கொதிகலனோடு வாழ்ந்தவள் நான். இதை எனக்குக் கடவுள் அனுப்பியிருக்கிறார்."

"நான்தானுங்க அனுப்புனேன்" என்றார் பழனிசாமி.

"இது எட்டாம் மேசையின் கண்டுபிடிப்பு" என்றார் சடகோபன்.

டோரிஸ் கையை நீட்டினார். "லேபிள் எங்கே?"

எல்லாரும் டீனைப் பார்த்தார்கள். விதிகளை எழுதியவர் அவர். அவர் தர்மசங்கடத்தோடு தொண்டையைச் செருமினார். "விதி ஒன்பது தெளிவாக இருக்கிறது. எண் இல்லாவிட்டால் அது தேநீர் அறைக்குச் சொந்தம். எண்ணை அதன் உரிமையாளரே, சாட்சிகளுக்கு முன்னால், ஒட்ட வேண்டும்."

கேதீஸ்வரன் சப்பாத்திலிருந்து உரித்துச் சட்டைப் பையில் வைத்திருந்த அந்த மஞ்சள் தாளை எடுத்தார். சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்கும் மெல்பேர்னிலிருந்து சிட்னிக்கும் மிதிபட்ட தாள். பசை மட்டும் போகவில்லை.

முப்பத்தொன்பது வருடமாக அவர் விலகி நடந்த இலக்கம், இரண்டு வட்டக் கண்களால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"It's okay, sir" என்றாள் சந்திரவதனா. குரல் ஒரு துளியும் அழவில்லை. "வேண்டாமெண்டால் விடுங்கோ. எனக்கு ஜன்னல் சீட்தானே."

கேதீஸ்வரன் அவளைப் பார்த்தார். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கூட்டத்தைக் கடந்து போய், மெஷினின் வயிற்றில் எட்டை ஓங்கி ஒட்டினார். பீப்பாய் சூடாக இருந்தது, "ஆ!" என்று கத்திக் கையை உதறினார். மற்றபடி ஒன்றும் நடக்கவில்லை. கூரை விழவில்லை. வெளியே ஒரு காகம் மட்டும் கத்தியது, அதுவும் ஆஸ்திரேலியக் காகம், சகுனம் அறியாதது.

மணி மூன்று.

"சரி" என்றார் குழுவின் தலைவர், கோப்பையைக் கீழே வைத்து. "இனி இதைச் சோதிக்க வேண்டும். ஐந்தாவது நிபந்தனை உங்களுக்குத் தெரியும். முன்பின் தெரியாத இருபது பேர், செய்தவர் கெஞ்சாமலே, ஐந்து வேலை நாட்கள் தாங்களாகவே இதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். மூன்று வருடத்தில் யாராலும் முடியவில்லை. ஆடுகள்கூட அந்தத் தொப்பியைக் கழற்றிவிட்டன. ஆகவே..."

"ஒரு நிமிஷம்" என்றார் சடகோபன்.

அவர் டோரிஸின் பக்கம் திரும்பினார். "அம்மா, இதிலேர்ந்து எந்தெந்த நாள் டீ கொடுத்தீங்க?"

"போன வெள்ளி. திங்கள் தொழிலாளர் தின விடுமுறை. செவ்வாய், புதன், வியாழன், இன்றைக்கு."

பவளம் விரல் விட்டாள். "அஞ்சு."

"எத்தனை பேர்?"

"இந்தக் கட்டடம் முழுக்க. அவர்களும்" என்று டோரிஸ் குழுவைச் சுட்டிக்காட்டினார். "அந்த மனிதர் இரண்டாவது கோப்பை."

குழுத் தலைவர் தன் கோப்பைக்குள் பார்த்தார். அங்கே ஒரு நூல் மிதந்தது. டீன் மக்ஃபேடனின் முகத்தில் ஒரு வாரத்துக் கவலை மெல்லக் கரைந்தது. "ஆக, எல்லாரும் பத்து நிமிடத்தில் வேலைக்குத் திரும்பியதற்குக் காரணம்..." என்று தொடங்கியவர், முடிக்காமலே பலமாகத் தலையாட்டினார். ஐந்து தலைகளும் ஆடின. கொட்டகையின் வரலாற்றில் முதல்முறை.

"ஆனா இது தேத்தண்ணி மெஷின் இல்லை!" கேதீஸ்வரன் அலறினார். "நான் செய்தது இடியப்ப மெஷின்!"

சந்திரவதனா அதற்குள் அச்சைப் பூட்டி, பிஸ்கட் டின்னைத் திறந்து, மாவைக் குழைத்து வைத்துப் பொத்தானை அழுத்தியிருந்தாள். மெஷின் ஒருமுறை பெருமூச்சு விட்டது. பிறகு சிவப்பு நூல்கள் வட்டமாக, வட்டமாக, ஒரு கனவு தன்னைத்தானே சுற்றிக்கொள்வது போல இறங்கின. டோரிஸ் ஒன்றை எடுத்து, ஸ்ட்ராபெரி ஜாம் தடவி, வாயில் போட்டுக்கொண்டு, மிகவும் கடுமையாக யோசித்தார்.

"நூல் சுத்தமானது" என்று தீர்ப்புச் சொன்னார்.

சந்திரவதனா கைப்பையிலிருந்து விமான டிக்கெட்டை எடுத்து, சூடான கோப்பைக்கு அடியில் விரிப்பாக வைத்தாள். சடகோபன் ஒரு மூலையில், யாரும் பார்க்காத நேரத்தில், ஒரு கோப்பை தேநீரைத் தூக்கிக் குடித்தார். பவளம் பார்த்துவிட்டாள்.

"என்ன வந்தது, சேர்? ஞானமோ?"

"நூல்" என்றார் சடகோபன்.

குழுவிலிருந்த ஒரு பெண்மணி, ஒரு மருத்துவமனையின் சமையற்கூடங்களுக்குப் பொறுப்பானவர், வாயைத் துடைத்துக்கொண்டு கேதீஸ்வரனிடம் வந்தார். "உங்கள் கம்பனியின் முதல் வாடிக்கையாளர் நான்தான். தேநீருக்கும் ஆகட்டும், அந்த நூலுக்கும் ஆகட்டும். மாடிக்கு ஒன்று வேண்டும்."

கேதீஸ்வரனின் முகம் மலர்ந்தது. "எத்தனை மாடி?"

"எட்டு."

சந்திரவதனா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கேதீஸ்வரன் மெஷினைப் பார்த்தார், அதன் வயிற்றில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளைப் பார்த்தார், சப்பாத்து இல்லாத தன் காலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"ஒன்பதாத் தாறன். ஒண்டு என்ர அன்பளிப்பு."